மறு: டெட் புளோ சுத்தியலுக்குத் தமிழில் என்ன பெயர்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் டெட் புளோ சுத்தியலுக்கு, அதாவது அடித்தபின் திரும்பி எகிறாத சுத்தியலுக்கு, தமிழ்ப் பெயர் கேட்டு மடல் வந்ததும் மளமளவென்று ஐந்து பெயர்கள் வந்து விழுந்தன: செத்த அடிச் சுத்தியல், மென்சுத்தியல், குண்டுச் சுத்தியல், மீளதிர்விலிச் சுத்தியல், கூடம். நான் வாய் திறக்கவில்லை. ஒன்றைச் செய்து, நாலு அடி அடித்துப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். கோவையில் எங்களுடையது சின்னப் பட்டறை. ஒரு லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங், அவ்வளவுதான். சுத்தி செய்ய அது போதும்.

இந்தச் சுத்தி எங்கே தேவைப்படுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் அங்கிருந்துதான் வரவேண்டும் என்பது என் கட்சி.

மில்லிங் மெஷினில் உருப்படியை இரண்டு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிப்பது வைஸ். அதில் ஒரே உயரமுள்ள இரண்டு பேரலல் கட்டைகளைப் போட்டு, அவற்றின் மேல் ஜாபை, அதாவது செதுக்கவேண்டிய உருப்படியை, வைத்து இறுக்குகிறோம். இறுக்கும்போது நகரும் தாடை ஒரு மயிரிழை மேலே தூக்கும். ஜாபும் அதோடு தூக்கிக்கொள்ளும். அதைத் தட்டி உட்காரவைக்க வேண்டும். இரும்புச் சுத்தியால் தட்டினால் ஜாபில் தழும்பு. ரப்பர் சுத்தியால் தட்டினால் தழும்பு இல்லை, ஆனால் சுத்தி எகிறும், ஜாபும் கூடவே துள்ளும். அடியில் இருக்கும் பேரலல் கட்டையை விரலால் அசைத்துப் பார்த்தால் ஆடும். கட்டை ஆடினால் ஜாப் உட்காரவில்லை என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் மேல்முகமும் அடிமுகமும் இணையாக வராது. இங்கேதான் நம்முடைய சுத்தி வேண்டும். ஒரே தட்டு, 'தொப்' என்று விழும், விழுந்த இடத்திலேயே நிற்கும்.

அது எப்படி நிற்கிறது? வீட்டில் பாதி ரவை இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவைக் கை தவறிக் கீழே போட்டிருப்பீர்கள். காலி டப்பா நாலு குதி குதிக்கும். ரவை இருக்கிற டப்பா விழுந்த இடத்தில் கிடக்கும். சுத்தியின் தலைக்குள் இருப்பதும் அந்த டப்பாதான். தலை ஒரு வெற்றுக்கூடு, அதில் முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகச் சின்ன உலோகக் குண்டுகள். வேகமாக வீசும்போது கூடு முன்னே போகிறது, குண்டுகள் பின்சுவரை ஒட்டிக்கொண்டு வருகின்றன. முகம் ஜாபில் பட்டதும் கூடு நின்று, திரும்பி எழ எத்தனிக்கிறது. அந்த நேரம் பார்த்துக் குண்டுகள் முன்சுவரில் வந்து மோதுகின்றன. எல்லாம் ஒரே சமயத்தில் அல்ல, முன்னும் பின்னுமாக. எழப்போன கூட்டை அவை மறுபடி கீழே அமுக்குகின்றன. மிச்சம் இருக்கிற ஆற்றல் குண்டோடு குண்டு உரசிச் சூடாகித் தீர்ந்துபோகிறது. அடியின் உச்ச விசை குறைகிறது, அடி நீடிக்கும் நேரம் கூடுகிறது.

இனிப் பெயர்களுக்கு வருவோம்.

'மென்சுத்தியல்' தப்பு. ரப்பர் சுத்தியும் மென்மைதான், ஆனால் அதுதான் எல்லாவற்றையும் விட மோசமாக எகிறுவது. 'குண்டுச் சுத்தியல்' என்றால் கடைக்காரர் குண்டான சுத்தியை எடுத்துக் கொடுப்பார். 'மீளதிர்விலி' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அடித்தபின் கைக்கு வருவது அதிர்வு, சுத்தி திரும்புவது வேறு, இரண்டையும் குழப்புகிறது. அதோடு பட்டறையில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஜாப் கழன்று விழுந்துவிடும்.

'கூடம்' சொன்ன ஐயாவுக்கு ஒரு கும்பிடு. புறநானூற்றின் 170ஆம் பாட்டில் கொல்லன் 'விசைத்து எறி கூடம்' வருகிறது, அதன் அடியைத் தாங்கும் உலைக்கல்லும் வருகிறது. அழகான சொல்தான். ஆனால் கூடம் என்பது பெரிய சம்மட்டி, ஓங்கி அடிப்பதற்கு. நம்முடையது தட்டி உட்காரவைப்பதற்கு. தவிர, இன்றைக்குக் கூடம் என்றால் பந்தி பரிமாறுகிற இடம்.

'செத்த அடி'யைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் டெட் என்ற சொல்லை உயிர் போனது என்று மட்டும் எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது. அங்கே அதற்குத் துள்ளல் இல்லாதது, திருப்பிக் கொடுக்காதது என்ற பொருளும் உண்டு. தமிழில் 'செத்த' அந்த வேலையைச் செய்யாது. எங்கள் ஊர்ப்பக்கம் 'செத்த அடி' என்றால் வலுவில்லாத அடி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் பட்டறையில் இருந்தால் இன்னும் விசேஷம். 'செத்த அடிங்க' என்றால் அவருக்கு 'கொஞ்சம் அடிங்க' என்று அர்த்தம். அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பார்.

சரி, செய்த கதை. தலைக்கு 42 மி.மீ. வெளிவிட்டம், 34 மி.மீ. உள்விட்டம் உள்ள இரும்புக் குழாய். உள்ளே குண்டுகளுக்கு 75 மி.மீ. நீள இடம், அதாவது 68 கன செ.மீ. அதில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் 45 கன செ.மீ. குண்டுகளுக்கு இடையில் காற்று இருப்பதால் உலோகம் அதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். இரும்புக் குண்டு என்றால் 210 கிராம் வரும், ஈயம் என்றால் 300 கிராமைத் தாண்டும். ஈயம் நல்ல கனம், ஆனால் உரச உரசத் தூளாகும். என்றைக்காவது கூடு விரிந்தால் அந்தத் தூள் பட்டறை முழுக்கப் பரவும். ஈயத் தூள் உடம்புக்கு ஆகாது. அதனால் சைக்கிள் கடையில் ஃப்ரீவீலுக்குப் போடுகிற பொடிப் பால்ரஸ், அதாவது இரும்புக் குண்டுகள், 1/8 அங்குலத்தில், வாங்கினேன். கிரீஸ் இருந்தது, மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்தேன். கிரீஸோடு போட்டால் குண்டுகள் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக நகரும். கைப்பிடி செருகும் குமிழை முதலில் வெல்டிங் செய்துவிட்டு, கூடு ஆறியபிறகுதான் குண்டு போட வேண்டும். மூடிய கூட்டின் மேல் வெல்டிங் வைப்பது கூடவே கூடாது.

இரண்டு முனையிலும் மரை போட்டு, கழற்றி மாட்டுகிற மாதிரி முகம் வைத்தேன். ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் செம்பு. குண்டுக்கூடு நடுவில் பொதுவாக இருப்பதால் எந்தப் பக்கம் அடித்தாலும் குண்டுகள் பின்னால் போய் முன்னால் வரும். செம்பு முகம் அடிபட அடிபட இறுகும், ஓரம் காளான் மாதிரி விரியும். சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி இளகிவிடும். ஓரத்தை முதலிலேயே சரித்துக் கடைந்துவிடுவது நல்லது.

சோதனை எளிது. கைப்பிடியின் நுனியை ஒரு போல்ட்டில் மாட்டி, தலையை மேலே தூக்கி, வைஸின் முதுகில் விழவிட்டேன். பக்கத்தில் ஒரு அட்டை, எழும்பிய உயரத்தைக் கோடு போட. முதல் நாள் எனக்கே ஏமாற்றம். குண்டு போட்ட தலையும் கொஞ்சம் எழும்பியது. ராத்திரி யோசித்தபிறகுதான் புரிந்தது. தானாக விழும் தலையும் அதற்குள் இருக்கும் குண்டுகளும் ஒரே வேகத்தில்தான் விழும். குண்டுகள் பின்னால் போகவே இல்லை, முதலிலிருந்தே முன்சுவரில் உட்கார்ந்திருந்தன. கை வீசும்போது புவியீர்ப்பை விட வேகமாகத் தலையை இழுக்கிறோம், அதனால்தான் குண்டு பின்தங்குகிறது. மறுநாள் ஒரு துண்டு சைக்கிள் டியூபைத் தலையில் கட்டி, அது கீழே இழுக்கும்படி விட்டேன்.

இப்போது காலித் தலை முக்கால் சாண் எழும்பியது. மூன்றில் இரண்டு பங்கு நிரப்பியது ஒரு விரற்கடைகூட எழவில்லை. பிறகு விளையாட்டாகக் கூட்டை முழுக்க நிரப்பி, ஆடாமல் அடைத்துப் பார்த்தேன். கனம் கூடியது, ஆனால் அரைச் சாண் எகிறியது! குண்டு இருப்பது முக்கியமில்லை, குண்டு நகர்வதுதான் முக்கியம். 'குண்டுச் சுத்தியல்' என்ற பெயர் இந்த இடத்தில் இரண்டாம் முறை அடிபட்டுப்போனது.

ஆகவே என் முன்மொழிவு: எகிறாச் சுத்தியல். பேச்சில் எகிறாச் சுத்தி. செல்லாக்காசு, வாடாமல்லி மாதிரிதான். ஒரு பொருள் எதைச் செய்யாதோ அதை வைத்தே பெயர் சொல்வது நமக்குப் பழகிய வழி. பட்டறையில் 'சுத்தி எகிறுது' என்றுதான் சொல்கிறோம். அந்தக் குறைக்குத் தீர்வாக வந்த சாமானுக்கு அந்த வினையிலிருந்தே பெயர்.

இரண்டு முகம் உள்ளதற்கு 'இருமுக எகிறாச் சுத்தியல்'. இருதலை வேண்டாம், உடனே கொள்ளியும் எறும்பும் நினைவுக்கு வரும். முகங்களைப் பிரித்துச் சொல்ல மென்முகம், வன்முகம். வன்முகம் கொஞ்சம் சண்டைக்காரப் பெயராக இருக்கிறது, வேறு தோன்றினால் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் குண்டுக்குச் சொல் இன்னும் அகப்படவில்லை.

கோவையிலிருந்து

மறு: மறு: டெட் புளோ சுத்தியலுக்குத் தமிழில் என்ன பெயர்?

அண்ணைக்கு வணக்கம்.

சைக்கிள் டியூப் கட்டின இடம் வாசிச்சுச் சிரிச்சும் போனேன், படிச்சும் போனேன். யாழ்ப்பாணத்தில் இருந்து இரண்டு விஷயம்.

முதலாவது, 'செத்த' என்பதை நீங்கள் இவ்வளவு கெதியாக் கழிச்சுவிட்டது சரியில்லை. எங்களிடம் செத்தல் மிளகாய் இருக்குது. அது சாகவில்லை, ஈரம்தான் போனது. உறைப்பு அப்படியே இருக்கும். துள்ளல் போய் அடி மட்டும் மிஞ்சின சுத்தியலுக்கு அந்தச் சொல் அவ்வளவு தூரம் இல்லை. எண்டாலும் நானும் அதற்கு வாக்களிக்கப் போவதில்லை, பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். 'எகிறு' எங்கட பேச்சில் புழங்குவதில்லை. சினிமாவில் கேட்டிருக்கிறோம், விளங்கும். ஆனால் பாடப்புத்தகத்தில் வந்தால் மாணவனுக்கு அந்நியமாக நிற்கும். 'துள்ளு' எல்லோருக்கும் பொது. பந்தும் துள்ளும், மீனும் துள்ளும். நீங்களே உங்கள் மடலில் 'ஜாபும் துள்ளும்' எண்டு எழுதியிருக்கிறீர்கள், திரும்ப வாசிச்சுப் பாருங்கோ. துள்ளாச் சுத்தியல் எண்டால் என்ன குறை?

உள்ளே இருக்கிற குண்டுக்கு நாங்கள் 'ரவை' எண்டு சொல்லுவோம். துப்பாக்கி ரவை தெரியும்தானே. நீங்கள் டப்பா உதாரணமும் ரவையில்தான் சொல்லியிருக்கிறீர்கள், சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே தேடுறீர்கள்.

மறு: மறு: மறு: டெட் புளோ சுத்தியலுக்குத் தமிழில் என்ன பெயர்?

தம்பி, பிடித்துவிட்டீர்கள். ரவையை எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பக்கம் முதலில் உப்புமாதான் நினைவுக்கு வரும், வரட்டும். தனியாக நிற்கும் இடத்தில் 'உலோக ரவை' என்று போட்டுவிடலாம். கூட்டுக்கு 'ரவைக்கூடு'. எவ்வளவு நிரப்புவது என்பதற்கு 'ரவை நிரப்பு'. எல்லாம் தானாக வந்து அமர்கிறது. நல்ல சொல்லுக்கு அதுதான் அடையாளம்.

எகிறா, துள்ளா விஷயத்தில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. துள்ளுவது தன் உயிர்ப்பால் துள்ளுவது, கன்றுக்குட்டி மாதிரி. எகிறுவது அடி வாங்கி எகிறுவது. சுத்திக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்று நினைத்தேன். ஆனால் நீங்கள் சொன்னபிறகு என் மடலையே திரும்பப் படித்தேன். ஜாபுக்குத் துள்ளல் போட்டுவிட்டுச் சுத்திக்கு மட்டும் மறுப்பது அழிச்சாட்டியம். கடல் தாண்டியும் விளங்குகிற சொல் பட்டியலில் தலைச்சொல்லாக இருக்கட்டும்: துள்ளாச் சுத்தியல். பக்கத்தில் 'பட்டறை வழக்கு: எகிறாச் சுத்தி' என்று ஒரு வரி.

நேற்று எங்கள் பட்டறைப் பையனிடம் இரண்டையும் சோதித்தேன். 'எகிறாச் சுத்தியை எடு' என்றேன், எடுத்து வந்தான். சாயங்காலம் 'துள்ளாச் சுத்தியை எடு' என்றேன், அதற்கும் அதையே எடுத்து வந்தான். நீ இதை என்னவென்று சொல்வாய் என்று கேட்டேன். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிக் காட்டிவிட்டு, 'கிலுக்குச் சுத்திங்கண்ணா' என்றான். செய்த நாளிலிருந்து அவனும் வெல்டிங்காரரும் அப்படித்தான் சொல்லிவருகிறார்களாம், எனக்குத்தான் தெரியவில்லை. ஓசையை வைத்து வந்த பெயர், வேலையைச் சொல்லவில்லை. முழுக்க அடைத்த தலை கிலுக்காது என்பதால் ஒரு வகையில் வேலையையும் சொல்கிறது. மூன்றாவது வரியாக இதையும் சேர்க்கலாமா என்று குழுவினர் சொல்லுங்கள்.

அப்புறம், பேரலல் கட்டைக்கு 'இணைக்கட்டை' என்று குறித்து வைத்திருக்கிறேன். ஜோடியாக வருவதாலும் இணை, மேல்முகமும் கீழ்முகமும் இணையாக இருப்பதாலும் இணை. இதற்கு யார் என்ன மறுப்பு வைத்திருக்கிறீர்கள்?

கோவையிலிருந்து