மறு: வேர் சுற்றிக்கொண்ட செடிக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு தொட்டியையாவது கவிழ்த்துப் பார்க்காமல் பதில் போட மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டக் கையேடு மொழிபெயர்க்கும் அம்மா கேட்டிருந்தது இது:

> தொட்டியில் வேர் நிறைந்து, சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடி, செடி மேற்கொண்டு வளராமல் நிற்கும் நிலைக்கு 'ரூட் பவுண்ட்' என்கிறார்கள். தமிழில் ஒரே சொல்லாக வேண்டும்.

அம்மா, ஒரே சொல்லாக வேண்டும் என்பதில்தான் எனக்குச் சிக்கல். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மல்லிகைத் தொட்டி.

12 அங்குல பிளாஸ்டிக் தொட்டி, மூன்று வருஷமாக மண் மாற்றவில்லை. போன கோடையிலிருந்தே செடி ஒரு மாதிரி இருந்தது. அடியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன, மொட்டு சிறுத்தது, காலையில் தண்ணீர் விட்டால் மதியமே வாடியது. விட்ட தண்ணீரோ அஞ்சு எண்ணுவதற்குள் அடித்துளை வழியாகத் தட்டில் வந்து நிற்கும். வடிகால் பிரமாதம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பர் கடைசி மல்லிகைக்குக் கவாத்துக் காலம். ஒன்றரை அடி விட்டு மேலே வெட்டினேன், கையோடு தொட்டியையும் கவிழ்த்தேன். வரவில்லை. பழைய கத்தி ஒன்றை ஓரமாக இறக்கி ஒரு சுற்றுச் சுற்றி அடியில் தட்டியதும், புட்டுக்குழாயிலிருந்து புட்டு வருவதுபோல முழுசாக வந்தது. மண்ணே கண்ணில் படவில்லை. வெளிப்பக்கம் முழுக்கச் சல்லிவேர், துணி நெய்த மாதிரி. அடியில் பென்சில் பருமனுக்கு நாலைந்து வேர்கள், தொட்டியின் அடிவட்டத்தை ஒட்டி மூன்று சுற்று. நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன். தினமும் தண்ணீர் விட்ட தொட்டியில் உள்மண் பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது! சுவருக்கும் வேருக்கும் நடுவிலிருந்த சந்தில் இறங்கித் தண்ணீர் அப்படியே வெளியே ஓடியிருக்கிறது.

துணி காயப்போட வந்த என் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “என்னடா இது, பிரிமணை மாதிரி சுத்தி வச்சிருக்கு” என்றார். பானைக்கு அடியில் வைக்கும் வளையத்தைச் சொன்னார்.

இதற்குப் பிறகு எனக்கு வேறு சொல் எதுவும் ஓடவில்லை. இருந்தாலும் இழையில் வந்த சொற்களுக்கு என் பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

வேர்முடிச்சு வேண்டாம். அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே இரண்டு எசமானர்கள். தக்காளி, கத்தரி, கொய்யா வேர்களைக் கட்டி கட்டியாக வீங்க வைக்கிற வேர்முடிச்சு நூற்புழு ஒன்று. அவரைக் குடும்பத்து வேர்களில் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா குடியிருக்கிற முடிச்சு இன்னொன்று. முன்னது கெட்டது, பின்னது நல்லது. மூன்றாவதாக நாமும் போய் அதில் உட்கார்ந்தால், “என் செடியில் வேர்முடிச்சு” என்று ஒருவர் எழுதும்போது வேப்பம்புண்ணாக்கு போடச் சொல்வதா, சந்தோஷப்படச் சொல்வதா, தொட்டியை மாற்றச் சொல்வதா?

வேர்ப்பிணைப்பு, ஆங்கிலச் சொல்லின் பின்பாதியை அப்படியே பெயர்த்து வைத்தது. பிணைப்பு என்றால் இரண்டு பொருள் சேர வேண்டும். இங்கே வேர் எதோடு பிணைந்தது?

வேர்ச்சிறை கவிதைக்கு நன்றாக இருக்கும். நர்சரியில் போய் “இந்தக் கன்று வேர்ச்சிறையில் இருக்கிறதா?” என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

தொட்டிக்கட்டு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. யாழ்ப்பாணத்து அண்ணா ஒரே வரியில் அதை முடித்துவிட்டார்:

> எங்கட பக்கம் பூச்சாடி எண்டுதான் சொல்லுறது. தொட்டி எண்டால் தண்ணித் தொட்டிதான் நினைவுக்கு வரும்.

அண்ணா சொல்வது சரி. இங்கேயும் இந்தச் சங்கடம் தொட்டியில் மட்டுமா வருகிறது? நர்சரிக் கறுப்புக் கவரில்தான் அதிகம் வருகிறது. பாத்திரத்தின் பெயர் சொல்லில் இல்லாமலிருப்பதே நல்லது.

வேர்ப்பிணிக்கும் நான் ஒப்ப மாட்டேன், இது நோயில்லை. காகிதப்பூவைத் தாராளமான தொட்டியில் வைத்தால் இலையாகத் தள்ளும், இடுக்கிப் பிடித்தால்தான் பூக்கும் என்பார்கள். எங்கள் வீட்டு வாசலிலும் அப்படித்தான். மருள் (ஸ்னேக் பிளான்ட்) அடைத்துக்கொண்டு வளர்ந்து பிளாஸ்டிக் தொட்டியையே பிளந்துவிடும், செடிக்கு ஒன்றும் ஆகாது. குழித்தட்டு நாற்றைப் பாருங்கள். 98 குழித் தட்டில் தக்காளி நாற்று இருபத்தைந்து நாளில் குழி முழுக்க வேர் பிடித்திருந்தால்தான் பிடுங்கும்போது உதிராமல் கட்டியாக வரும். அங்கே வேர் நிறைவதுதான் தேவையே. (போகிற போக்கில்: 'குழித்தட்டு' எவ்வளவு அழகான சொல்! யார் செய்தார்களோ, விவசாயிகள் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள்.)

சரி, ஒரே சொல் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

வேரைப் பற்றி நம்மிடம் வினைச்சொற்கள் வரிசையாக இருக்கின்றன. குச்சி வேர் விடும். நட்ட கன்று வேர் பிடிக்கும். மரம் வேர் ஓடும். அதற்கு அடுத்து இடம் முழுக்க வேர் நிறைந்துபோவது ஒன்று. நிறைந்த வேர் வளையமாகத் திரும்பி முற்றிப்போவது வேறொன்று. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே வாயில் போட்டு மெல்லுகிறார்கள். நாம் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? முதலாவதற்குத் தொட்டி மாற்றினால் போதும். இரண்டாவதற்குக் கத்தி வேண்டும். வைத்தியம் வேறு என்றால் பெயரும் வேறாக இருக்கட்டுமே.

இரண்டாவதற்குப் பெயர் இல்லாததால் நான் ஒரு மரத்தை இழந்திருக்கிறேன். ஒரு நர்சரியில் ஒட்டுமாங்கன்று வாங்கினேன். நல்ல உயரம், தண்டும் தடிமன். அவ்வளவு பெரிய கன்று அந்த விலைக்குக் கிடைத்ததே என்று மகிழ்ச்சி. விற்காமல் அதே கவரில் இரண்டு மூன்று வருஷம் கிடந்த கன்று என்பது அப்போது உறைக்கவில்லை. “கவரைக் கிழிச்சுட்டு, தாய்மண் கலையாம நடுங்க” என்று சொல்லி அனுப்பினார்கள். தாய்மண் என்பது கவரில் வேரோடு ஒட்டியிருக்கும் மண். கலையாமல்தான் நட்டேன், பச்சைக் குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்து. நாலாம் வருஷம் ஐப்பசியில் அடித்த காற்று பெரிய காற்றுகூட இல்லை, பக்கத்து வீட்டு முருங்கையில் ஒரு கிளை ஒடியவில்லை. என் மா மட்டும் அடியோடு சாய்ந்துவிட்டது. தூக்கிப் பார்த்தால், நாலு வருஷத்துக்குப் பிறகும் வேர் அந்தக் கவரின் வடிவத்திலேயே இருந்தது! கட்டைவிரல் தடிமனில் வளையம் வளையமாக. வளையத்துக்குள் நர்சரிச் செம்மண் தனியாக, வெளியே எங்கள் கரிசல் தனியாக. வெளிமண்ணுக்குள் போயிருந்தவை ஏழெட்டு நூல் வேர்கள்தான்.

வேர் நுனி வழவழப்பான சுவரில் முட்டினால் துளைக்க முடியாமல் திரும்பிச் சுவரை ஒட்டியே ஓடும். இளசாக இருக்கும்வரை விரலால் பிரித்துவிடலாம். முற்றிக் கட்டையாகிவிட்டால் மண்ணில் நட்ட பிறகும் அந்த வளையம் தானாக நிமிராது. வருஷா வருஷம் பருத்து ஒன்றையொன்று நெரிக்கும், சில நேரம் அடித்தண்டையே இறுக்கும். அப்புறம் ஒருநாள் காற்றோ மழையோ வந்து கணக்கை முடித்துவிடும்.

'தாய்மண் கலையாமல் நடு' என்பது நல்ல அறிவுரைதான், வேர் பிடித்த கன்றுக்கு. சுற்றிப்போன கன்றுக்கு அதுவே எமன். ஆனால் விதிவிலக்கைச் சொல்ல ஒரு சொல் இருந்தால்தானே அறிவுரையோடு சேர்த்துச் சொல்ல முடியும்? “வேர் சுத்திக்கிச்சா பாருங்க” என்று நர்சரிக்காரர்களே தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். கையேட்டில் அச்சாக ஒரு பெயர்ச்சொல் அதற்கு இல்லை.

ஆக, என் முன்மொழிவு இரண்டு சொற்கள்.

முதலாவது வேரடைசல். சாமான் நிறைந்து கால் வைக்க இடமில்லாத வீட்டை “ஒரே அடைசலா இருக்கு” என்கிறோமே, அந்த அடைசல். குற்றம் சொல்லும் தொனி இல்லை. அடைசலான வீட்டிலும் மனிதர்கள் சந்தோஷமாக இருக்கலாம், அடைசலான தொட்டியில் காகிதப்பூ இருப்பதுபோல. வேர் அடைசலாக இருக்கிறது என்று பிரித்தும் பேசலாம்.

இரண்டாவது வேர்ப்புரி. உருண்டை அடி கொண்ட பானையும் குடமும் உருளாமல் நிற்க, வைக்கோலையோ தேங்காய் நாரையோ முறுக்கி வளையமாகக் கட்டி அடியில் வைப்பார்களே, அதுதான் என் அம்மா சொன்ன பிரிமணை. புரிமணை என்பது பேச்சில் பிரிமணை ஆகிவிட்டது. புரி என்றால் முறுக்கு, முறுக்கிய இழை. முப்புரி நூல், வலம்புரிச் சங்கு, வைக்கோற்புரி எல்லாம் அந்தப் புரிதான். தொட்டியைக் கவிழ்த்ததும் கண் பார்ப்பது எதுவோ அதுவே பெயராகிறது.

நேற்று இரவு இதைத் தனிமடலில் இரண்டு பேருக்கு அனுப்பிப் பார்த்தேன். ஒருவரின் பதில்:

> வேர்ப்புரி என்றதும் எனக்கு வேர்க்குருதான் நினைவுக்கு வந்தது. கோடையில் பவுடர் போட வேண்டுமா?

சிரித்தேன். வேர்க்குருவில் இருப்பது வியர்வை வேர்ப்பு, இதில் இருப்பது மரத்து வேர், ஆனால் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். செடியைப் பற்றிய புத்தகத்தில் யாருக்கும் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். 'வேர்க்கடலை' என்றால் யாரும் விசிறி எடுப்பதில்லையே.

இன்னொருவர் கேட்டது கூர்மையான கேள்வி. நான் 'வேர் புரியோடியிருக்கிறது' என்று எழுதியிருந்தேன். புரையோடிய புண் மாதிரிப் படிக்கிறதே என்றார். உண்மைதான், அவசரமாகப் படித்தால் புரை என்றே கண் படிக்கும். கயிற்றில் முறுக்கு விழுகிறது, நூலில் முடிச்சு விழுகிறது. அதேபோல வேரில் புரி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'வேர்ப்புரி விழுந்த கன்று.' இப்போது சரியாக இருக்கிறதா?

வேர்ப்பிரி என்று பேச்சு வழக்கிலேயே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். வேரைப் பிரி என்று கட்டளையாகப் படித்துவிடுவார்கள். விரலால் பிரித்துவிடுவதும் ஒரு வைத்தியம் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். புரியே இருக்கட்டும்.

சொல் நிற்குமா என்று பார்க்க வாக்கியத்தில் உட்கார வைக்க வேண்டும். அம்மா, உங்கள் கையேட்டுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்:

“துளை வழியே வேர் எட்டிப் பார்ப்பதும், விட்ட தண்ணீர் உடனே வடிந்துவிடுவதும் வேரடைசலின் அறிகுறிகள். இரண்டு அங்குலம் மட்டும் அகலம் கூடிய தொட்டிக்கு மாற்றவும். ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்கு மாற்றினால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி அழுகல் வரும்.”

“கன்று வாங்கும்போது கவரின் அடியைத் தடவிப் பார்க்கவும். கயிறு சுற்றியதுபோல் கைக்குத் தட்டுப்பட்டால் வேர்ப்புரி விழுந்திருக்கிறது. வேறு கன்று கேட்கவும். வாங்கியாகிவிட்டது என்றால், நடும் முன் அடிவளையத்தை அறுத்து எறிந்து, பக்கங்களில் மேலிருந்து கீழாக நாலு இடத்தில் கத்தியால் கீறிவிடவும். வேரைக் குறைத்த அளவுக்குக் கிளையையும் குறைத்து, ஒரு வாரம் நிழல் கொடுக்கவும்.”

இந்த அறுப்புக்கு 'வேர்க்கவாத்து' என்று தம்பி ஒருவர் சொல்லியிருந்தார். எனக்குச் சம்மதம். கவாத்து போலீஸ் மைதானத்துச் சொல்லாயிற்றே என்று ஐயா ஒருவர் தயங்குகிறார். அணிவகுப்புக்கும் கவாத்துதான், தேயிலைச் செடி வெட்டுவதற்கும் கவாத்துதான். இத்தனை வருஷத்தில் தோட்டத்தில் யாரும் அதைக் கேட்டு விறைத்து நின்றதாகத் தெரியவில்லை, ஐயா.

துணிப் பைகளில் வேர் நுனி காற்றுப்பட்டுக் காய்ந்து, பின்னால் பக்கவேர் கிளைப்பதற்குக் 'காற்றுக்கவாத்து' என்று அந்தத் தம்பியே சொன்னதையும் கவனித்தேன். அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். குரோ பேக் என்று இங்கே நமக்கு விற்பவற்றில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் பைகள், காற்று நுழையாது. அவற்றிலும் புரி விழும். பையை வாங்கிவிட்டதால் தப்பித்தோம் என்று இருந்துவிட வேண்டாம்.

யாழ்ப்பாணத்து அண்ணாவிடம் ஒரு கேள்வி. பானைக்கு அடியில் வைக்கும் அந்த வளையத்தை உங்கள் பக்கம் என்ன சொல்வீர்கள்? பிரிமணை அங்கே விளங்காது என்றால், புரிக்கு விளக்கம் எழுதும்போது உங்கள் சொல்லையும் பக்கத்தில் போட வேண்டும்.

மல்லிகையின் அடிவளையத்தை அறுத்துவிட்டேன். கொல்லைப்பக்கச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். படம் எடுத்து அனுப்புகிறேன், கையேட்டில் போடுவதானால் போடுங்கள்.