கோஷர் விதிகளும் அலுவலக விருந்தும்

கேள்வி: நியூயார்க்கில் எங்கள் குழுவில் கோஷர் எனும் யூத உணவு விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும் யூத நண்பர் ஒருவர் இருக்கிறார். அனைவரும் வீட்டிலிருந்து உணவு கொண்டுவரும் விருந்துக்கு நான் சைவ உணவு சமைத்துச் சென்றால், அவர் தயக்கமின்றி உண்ண இயலுமா?

மறுமொழி 1: சைவமாக இருப்பது மட்டும் போதாது. இறைச்சியையும் பாலையும் சேர்க்கலாகாது என்னும் விதி, விவிலியத்தின் யாத்திராகமம் 23:19-ஐ அடிப்படையாகக் கொண்டு பாத்திரங்கள் வரை விரிவதால், கோஷர் அல்லாத சமையலறையில் வெந்த பருப்பைக்கூட அவர் தவிர்க்கக்கூடும். கீரையில் ஒளிந்திருக்கும் பூச்சியும் விலக்கப்பட்டதே.

மறுமொழி 2: வெட்டாத பழங்களும், கோஷர் முத்திரையுள்ள, பிரிக்கப்படாத பொட்டலங்களும், காகிதத் தட்டுகளும் பெரும்பாலும் ஏற்புடையவை. கடைப்பிடிப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், எது வசதி என்று அவரிடமே முன்கூட்டிக் கேளுங்கள். அவர் தம் உணவைத் தாமே கொண்டுவந்தால் அதை மனத்தாங்கலாகக் கொள்ள வேண்டாம்.

மறுமொழி 3: விருந்தை வெள்ளி மாலையில் வைக்காதீர்கள், சூரியன் மறையும் முன்பே யூதர்களின் வாராந்தர ஓய்வுநாளான சப்பாத் தொடங்கிவிடும்.