கிரைண்டர் கடைக்கு கூகுள் ஆட்ஸ்: கிளிக் வருது, போன் வரலை

கல்லுரல்:
கோவையில டேபிள் டாப் வெட் கிரைண்டர் விக்கிற கடை. கூகுள் ஆட்ஸ்ல சர்ச் கேம்பெயின், ஒரு நாளைக்கு 500 ரூபாய் பட்ஜெட். கீவேர்ட் (எந்தத் தேடலுக்கு விளம்பரம் வரணும்னு நாம கொடுக்கிற சொல்) எல்லாமே பிராட் மேட்ச், அதாவது சம்பந்தப்பட்ட தேடலுக்கெல்லாம் காட்டுற வகை. கிளிக் வருது, விசாரிச்சு ஒரு போன் வரலை. சில நாள் 900 ரூபாய்க்கு மேலயும் போயிடுது, அது எப்படி? காசு கட்டாம பார்க்கிற டூல் எதுல ஆரம்பிக்கலாம்? தமிழ்ல கீவேர்ட் போடலாமா?

குறிச்சொல்:
900 போறது தப்பில்லை. ஒரே நாள்ல பட்ஜெட்டைப் போல ரெண்டு மடங்கு வரைக்கும் செலவாகும். மாசக் கணக்கு 30.4 மடங்கைத் தாண்டாது. உங்களுக்கு 15,200 ரூபாய்.

டூல் அப்புறம். முதல்ல செட்டிங்ஸ். லொகேஷன் ஆப்ஷன்ஸ்ல 'பிரசென்ஸ் ஆர் இன்ட்ரஸ்ட்'னு தானா இருக்கும். கோவையைப் பத்தித் தேடுற டெல்லிக்காரருக்கும் விளம்பரம் போகும். 'பிரசென்ஸ்' (அந்த ஊர்ல இருக்கிறவங்க) மட்டும் வைங்க. டிஸ்ப்ளே நெட்வொர்க், சர்ச் பார்ட்னர்ஸ் (மத்த தளங்கள்லயும் விளம்பரம் காட்டுறவை) ரெண்டு டிக்கையும் எடுத்துடுங்க.

அடுத்து சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட், ஆட்கள் என்ன தட்டித் தேடினப்ப விளம்பரம் வந்துச்சுன்னு காட்டும். 30 நாள் எடுத்து, செலவு அதிகமானது மேல வர்ற மாதிரி அடுக்குங்க. 'கிரைண்டர்'னு பிராட் மேட்ச்ல விட்டா ஆங்கிள் கிரைண்டர், காபி கிரைண்டர், பெல்ட், ரிப்பேர் எல்லாம் உள்ள வரும். ஒரு டேட்டிங் ஆப்போட பேரும் காதுக்கு இதே மாதிரிதான் கேட்கும், அந்தக் கூட்டமும் வரும்!

இதையெல்லாம் நெகட்டிவ்ல (விளம்பரம் வரக்கூடாத சொற்கள்) போடுங்க. ஆனா நெகட்டிவ் கீவேர்டுக்கு அர்த்தம் தெரியாது. 'ரிப்பேர்' போட்டா 'சர்வீஸ்', 'பழுது' ரெண்டும் அடைபடாது, தனித்தனியா சேர்க்கணும். ஆங்கில எழுத்துல ஒருமை, பன்மை ரெண்டும் வேணும். 'விலை'யை மட்டும் நெகட்டிவ்ல போட்டுடாதீங்க, வாங்கப் போறவர்தான் விலை கேட்டுத் தேடுவார்.

ரிப்போர்ட்ல இருக்கிற வரிகளோட செலவைக் கூட்டினா கேம்பெயின் மொத்தத்தோட ஒத்துவராது. அதிகம் பேர் தேடாத சொற்களை 2020லிருந்து கூகுள் காட்டுறதில்லை. அந்த இடைவெளி பெருசா இருந்தா பிரேஸ் மேட்சுக்கு (கீவேர்டோட அர்த்தம் அடங்கின தேடலுக்கு மட்டும் காட்டுற வகை) மாறிடுங்க.

வலைவாசல்:
தமிழ் கீவேர்ட் தாராளமாகப் போடலாம். நம்மவர்கள் மூன்று விதமாகத் தட்டுகிறார்கள்: தமிழ் எழுத்தில், தமிழை ஆங்கில எழுத்தில், நேரடி ஆங்கிலத்தில். கீவேர்ட் பிளானர் (ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று சொல்லும் ஆட்ஸ் கருவி) குறைவாகச் செலவழிக்கும் கணக்குகளுக்கு '100 முதல் 1,000 வரை' என்று மொத்தமாகத்தான் சொல்லும். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

உங்கள் தளத்தின் சர்ச் கன்சோலுக்கு (கூகுள் தேடலில் தளம் எந்தச் சொற்களுக்கு வருகிறது என்று காட்டும் இலவசக் கருவி) போங்கள், 16 மாதத் தரவு இருக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் குவெரி ஃபில்டர், அதில் கஸ்டம் ரீஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் முறை). பெட்டியில் இதை மட்டும் இடுங்கள்:

[அ-ஹ]

தமிழ் எழுத்து ஒன்றாவது உள்ள தேடல்கள் மட்டும் நிற்கும். 'டஸ் நாட் மேட்ச்' என்று மாற்றினால் மற்றவை. திரையில் 1,000 வரிதான் தெரியும் என்பதால் இப்படிப் பிரித்துப் பார்ப்பதே லாபம். இம்ப்ரெஷன் (தேடலில் கண்ணில்பட்ட தடவை) நிறைய, ஆனால் சராசரி இடம் 8ஐத் தாண்டிப் பின்னால் என்றிருக்கும் சொற்களை ஆட்ஸுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைப்புக்கு 30 குறிதான் இடம். 'கிரைண்டர்' நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து, யூனிகோடில் ஒன்பது. எழுதும்போதே பெட்டியின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

கல்லுரல்:
ரிப்போர்ட் பார்த்தேன், பாதிக்கு மேல ஆங்கிள் கிரைண்டர்! இன்னொண்ணு: வாட்ஸ்ஆப்ல விசாரிக்கிறாங்க, ஆட்ஸ்ல கன்வெர்ஷன் (விளம்பரத்தால வந்த விசாரணைக் கணக்கு) 0.

டேக்தக்காளி:
ரெண்டு இடத்துல ஓட்டை இருக்கலாம்.

ஒண்ணு, ரீடைரக்ட். ஆட்ஸ் ஒவ்வொரு கிளிக்குக்கும் முகவரியோட வால்ல 'ஜிக்ளிட்' (gclid)னு ஒரு குறியீடு ஒட்டி அனுப்புது. தளம் வேற முகவரிக்குத் திருப்பிவிடும்போது வால் அறுந்தா, ஆள் எங்கிருந்து வந்தார்னு தெரியாது. முகவரிக்குப் பின்னாடி கேள்விக்குறி போட்டு அந்தப் பேருக்கு ஏதாவது மதிப்பு கொடுத்துத் திறந்து பாருங்க. பக்கம் வந்தபிறகும் அது அப்படியே நிக்கணும். நிக்கலைன்னா, திருப்பிவிட்டு வந்து சேர்ற கடைசி முகவரியையே விளம்பரத்துல ஃபைனல் யூஆர்எல்லா கொடுங்க.

ரெண்டு, வாட்ஸ்ஆப் பட்டனைத் தட்டினா உங்க தளத்துல வேற பக்கம் திறக்காததால எதுவும் பதிவாகாது. டேக் மேனேஜர்ல (தளத்துல கணக்கெடுக்கிற நிரல்களை வைக்கிற கூகுள் கருவி) லிங்க் கிளிக் டிரிக்கர் வெச்சு கன்வெர்ஷன் டேக்கை இணைங்க, தட்டும்போது அது வேலை செய்யுதான்னு டேக் அசிஸ்டன்ட்ல பாருங்க. அதே கிளிக்கை அனலிடிக்ஸ்லேர்ந்தும் இம்போர்ட் பண்ணி ரெண்டையும் பிரைமரியா (கன்வெர்ஷன் கணக்குல சேர்றதா) வெச்சா இரட்டைக் கணக்காயிடும். கவுண்ட்ல 'எவ்ரி' வேணாம், 'ஒன்' போதும். ஒரே ஆள் நாலு தரம் தட்டுவார்.

அப்புறம், விளம்பரம் வருதான்னு கூகுள்ல நீங்களே தேடாதீங்க. இம்ப்ரெஷன் ஏறும், கிளிக் ஏறாது. ஆட் பிரிவ்யூ டூல் இருக்கு. பக்கத்துக் கடைக்காரர் என்ன விளம்பரம் ஓட்டுறார்னு பார்க்க ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர். கீவேர்டும் செலவும் அங்க கிடைக்காது, வாசகம் தெரியும்.