மறுமொழி: ஹப் மோட்டாருக்கும் மிட் டிரைவுக்கும் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு, பினாங்கிலிருந்து வணக்கம்.

மின் மிதிவண்டிச் சொற்களைப் பற்றிய இந்த இழையில் மிட் டிரைவுக்கு, அதாவது மிதிகட்டைகளின் அச்சில் பலம் சேர்க்கும் மோட்டாருக்கு, "நடு மின்னோடி" ஏறக்குறைய முடிவாகிவிட்டதாகத் தெரிகிறது. (ஹப் மோட்டார் என்பது சக்கரத்தின் நடுப்பகுதிக்குள்ளேயே இருப்பது.) நம் கலைச்சொற்பட்டியலில் ஏற்றுவதற்கு முன் ஒரு தடை சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லின் அழகில் எனக்குக் குறை இல்லை. அதை நம்பி வண்டி வாங்குபவர் மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார், அதுதான் கவலை.

முதலில் சின்ன விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

> மோட்டார் என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாமே. பாமரருக்கும் புரிகிறதே.

கோவை ஐயா, உங்கள் ஊரில் மோட்டார் என்றால் கிணற்றில் தண்ணீர் இறைக்கும். எங்கள் ஊரில் அது ஆளை ஏற்றிக்கொண்டு ஓடும். மலேசியாவில் மலாய்க்காரர், சீனர், தமிழர் யார் வாயிலும் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள்தான். "தம்பி மோட்டாரில் வேலைக்குப் போய்விட்டான்" என்பது இங்கே அன்றாடப் பேச்சு. "மோட்டார் வைத்த சைக்கிள்" என்று நான் சொன்னால் கேட்பவர் குழம்பிப்போவார். மின்னோடி என்ற சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம்.

> மிட் டிரைவ் = நடு மின்னோடி அல்லது மைய மின்னோடி. எளிது, நேரானது.

இங்கேதான் எனக்கு மறுப்பு. வண்டியின் நடுவில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் வாங்குபவருக்கு அதனால் ஒன்றும் தெரியவராது. அவருக்குத் தெரிய வேண்டியது, மின்னோடியின் பலம் எந்த இடத்தில் வண்டிக்குள் நுழைகிறது என்பது. சக்கரத்தில் நுழைகிறதா, மிதிகட்டைகளைத் தாங்கும் அச்சில் நுழைகிறதா? ஏற்றத்தில் நடப்பதும், ஒரு மின்னேற்றத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதும், விளம்பரத் தாளில் உள்ள எண்ணுக்கு என்ன பொருள் என்பதும் அந்த ஒரே கேள்வியைச் சார்ந்தவை.

எண்ணையே பார்ப்போம். ஒரு வண்டியின் சக்கர மின்னோடிக்கு 45 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (அச்சைச் சுழற்றும் பலம்) என்று போட்டிருக்கும். பக்கத்து வண்டியின் நடு மின்னோடிக்கு 80 என்று இருக்கும். இரண்டாவது கிட்டத்தட்ட இரு மடங்கு பலம் என்று யாரும் நினைப்பார். ஆனால் 45 சக்கரத்தில் அளந்தது, 80 மிதியச்சில் அளந்தது. இரண்டுக்கும் நடுவே சங்கிலி கிடக்கிறது. முன்னால் 38 பல், பின்னால் 34 பல் கொண்ட பற்சக்கரங்களில் சங்கிலி ஓடினால், அந்த 80 பின்சக்கரத்தை எட்டும்போது ஏறத்தாழ 72 ஆகிறது. பின்னால் 11 பல் சக்கரத்துக்குச் சங்கிலி இறங்கியிருந்தால் வெறும் 23. கியரை மாற்றாமல் மேட்டில் ஏறப் பார்க்கும் ஆள், 45 போட்ட மலிவான வண்டியிடமே தோற்றுப்போவார்.

எவ்வளவு முறுக்குவிசை தேவை என்று ஒரு கணக்கு. ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ, சக்கரம் 26 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 விழுக்காட்டுச் சரிவில் வேகம் குறையாமல் ஏறச் சக்கரத்தில் சுமார் 35 நியூட்டன் மீட்டர் வேண்டும். 15 விழுக்காடு என்றால் 50. இங்கே பினாங்கின் மேட்டுச் சாலைகளில், தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் வழியாக பாலிக் புலாவ் போகிறவர்களுக்கும், துன் சார்டோன் சாலையில் ஏறுகிறவர்களுக்கும் இந்த எண்கள் தொடையிலேயே எழுதியிருக்கும். 45 என்பது முதல் சரிவுக்குப் போதும், இரண்டாவதற்குக் கால் உதவ வேண்டும். 80 என்பது கியர் சரியாக இருந்தால் இரண்டுக்கும் தாராளம்.

ஆகவே என் பரிந்துரை: மிதியச்சு மின்னோடி. பெயரைச் சொன்னதுமே எண் எங்கே அளந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது.

இந்தப் பிரிவு ஒன்றும் புதியதும் இல்லை. சக்கரக் குடத்துக்குள், அதாவது ஹப்புக்குள், மின்னோடியை வைத்த மிதிவண்டிக்கு அமெரிக்காவில் ஒக்டன் போல்டன் 1895 டிசம்பர் 31இல் காப்புரிமை பெற்றார். இரண்டு ஆண்டுகளில், 1897இல், பாஸ்டனைச் சேர்ந்த ஹோசியா லிபி மிதியச்சில் மின்னோடியைப் பொருத்திய வண்டிக்கு உரிமை வாங்கிவிட்டார். 1993இல் ஜப்பானில் யமாஹா விற்பனைக்குக் கொண்டுவந்த வண்டியிலும் துணைவிசை மிதியச்சின் பக்கம்தான் சேர்ந்தது. இரண்டு வகைக்கும் நூற்றாண்டு கடந்துவிட்டது, நாம்தான் இன்னும் பெயர் வைக்கவில்லை.

> ஹப் = குடம் என்றால் மாணவர்கள் தண்ணீர்க் குடத்தை நினைத்துச் சிரிப்பார்கள். குறடு என்ற பழஞ்சொல் இருக்கிறதே.

யாழ்ப்பாணத்து அண்ணன் பழஞ்சொல்லைத் தேடி எடுத்ததற்கு நன்றி. ஆனால் இன்று குறடு என்று கேட்டால் கடைக்காரர் ஆணி பிடுங்கும் கருவியைத்தான் எடுத்துத் தருவார். மாட்டு வண்டி செய்த தச்சர்கள் வண்டிக்குடம் என்றுதான் சொன்னார்கள், அகராதியிலும் அது இருக்கிறது. ஆரக்கால்கள் எல்லாம் வந்து சேரும் உருண்டையான நடுப்பகுதிக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. சிரிக்கிற மாணவன் மறக்கவும் மாட்டான். ஆகவே குடமின்னோடி.

அதிலும் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒரே பெயரில் அடைக்கக் கூடாது. ஒன்றில் பல்லிணை (பற்சக்கரக் கூட்டு) எதுவும் கிடையாது. சுருள் சுற்றிய உட்பகுதி அச்சோடு அசையாமல் நிற்க, காந்தங்கள் பதித்த வெளி ஓடு சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். தேய்வதற்கு உள்ளே தாங்கியை (பேரிங்) தவிர ஒன்றுமில்லை, சத்தமும் இல்லை. இறக்கத்தில் மின்னாக்கியாக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பியும் கொடுக்கும். ஆனால் கனம். மின்சாரம் தீர்ந்த பிறகு மிதித்தால் காந்தம் பின்னுக்கு இழுப்பது காலில் தெரியும்.

மற்றதில் சிறிய மின்னோடி ஒன்று உள்ளே வேகமாகச் சுழல, கோள் பற்சக்கரங்கள் (நடுப் பற்சக்கரத்தைச் சுற்றி அமைந்தவை) அந்த வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டித் தரும். ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறையில் இப்படி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்தேன். மூடியைக் கழற்றியதும் கறுத்துப்போன மசகு, அதன் நடுவே மூன்று வெள்ளை நைலான் சக்கரங்கள். ஒன்றில் பற்கள் ஒரு பக்கம் மட்டும் மழுங்கி, விரலால் தடவினால் வழுக்கியது. பட்டறைக்காரர் மூன்றையும் சேர்த்தே மாற்றினார். தேய்ந்ததோடு புதியதைப் பூட்டினால் புதியதும் போய்விடும் என்றார். இந்த வகையில் ஒருவழிப் பிடி ஒன்று இருப்பதால் மிதிக்கும்போது இழுப்பு இராது. அதே காரணத்தால் இறக்கத்தில் மின்சாரம் திரும்பியும் வராது.

இவற்றுக்குப் "பல்லிலா", "பல்லுடை" என்று ஒருவர் எழுதியிருந்தார். பல்லிலா மின்னோடி என்றதும் எனக்குப் பொக்கைவாய்ப் பாட்டனார் ஒருவர் சக்கரத்துக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றிவிட்டது, மன்னிக்கவும். முதல் வகைக்கு நேர்சுழல் குடமின்னோடி, மற்றதற்குப் பல்லிணைக் குடமின்னோடி என்று வைத்தால் போதும்.

இனி, தூரம்.

> ரேஞ்ச் = வீச்சு.

ஏவுகணைக்கு வீச்சு சரி, வானொலி அலைக்கும் சரி. மிதிவண்டி எதையும் வீசுவதில்லை. ஓடுதொலைவு என்பேன். ஆனால் சொல்லைவிட அதன் விளக்கம் முக்கியம், ஏனென்றால் ஓடுதொலைவு என்பது மின்கலத்தின் குணம் மட்டும் அன்று.

36 வோல்ட், 14 ஆம்பியர் மணி மின்கலத்தில் இருப்பது 504 வாட் மணி. எங்கள் கொடிமலையின் (பினாங்கு ஹில்) உயரம் 833 மீட்டர். 100 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க இயற்கை கேட்கும் கூலி 227 வாட் மணி, ஒரு காசு குறையாது. மிதிக்காமல், டயர் உராய்வையும் விட்டுவிட்டுப் பேசுகிறேன். மின்னோடியின் திறன் (வாங்கும் மின்சாரத்தில் இயக்கமாக மாறும் பங்கு) 75 விழுக்காடு என்றால் மின்கலத்திலிருந்து சுமார் 303 போகும். 50 விழுக்காடு என்றால் 454 போகும், மின்கலம் கிட்டத்தட்டக் காலி. மலை ஒன்று, மின்கலம் ஒன்று, தூக்கியதும் அதே நூறு கிலோ.

இந்த 75உம் 50உம் எங்கிருந்து வருகின்றன? 26 அங்குலச் சக்கரம் மணிக்கு 25 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றும். மேட்டில் வேகம் 8 கிலோமீட்டராக விழுந்தால் சுற்று 64தான். நேர்சுழல் குடமின்னோடி சக்கரத்தோடு ஒட்டிப் பிறந்தது. சக்கரம் மெதுவானால் அதுவும் மெதுவாகத்தான் சுழல வேண்டும். அந்த நேரத்தில்தான் அதிக முறுக்குவிசையும் வேண்டியிருக்கிறது. முறுக்குவிசை மின்னோட்டத்துக்கு ஏற்ப நேராகக் கூடும், சுருளில் எழும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருபடியாகக் கூடும். மின்னோட்டம் இரு மடங்கு, வெப்பம் நான்கு மடங்கு. ஏற்றத்தின் நடுவே நிறுத்திக் குடத்தைத் தொட்டுப் பார்த்தவர் கையை உடனே எடுத்துவிடுவார். மின்கலத்தில் இருந்தது அங்கேதான் போயிருக்கிறது.

மிதியச்சு மின்னோடிக்குக் கியர் இருக்கிறது. பின்னால் பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றினால், சக்கரம் மெதுவாகச் சுற்றினாலும் மின்னோடி தனக்கு வசதியான வேகத்திலேயே சுழலும். ரகசியம் அவ்வளவுதான். அதற்கு விலையும் உண்டு: காலின் பலமும் மின்னோடியின் பலமும் ஒரே சங்கிலியில் போவதால் சங்கிலியும் பற்சக்கரமும் விரைவில் தேயும். சங்கிலி அறுந்தால் நடைதான். குடமின்னோடிக்காரர் அறுந்த சங்கிலியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடலாம்.

சமதரையில் கதை வேறு. குவீன்ஸ்பே கடலோரப் பாதையில் மட்டும் ஓட்டுபவருக்குக் குடமின்னோடி போதும். அந்த வேகத்தில் இரண்டின் திறனும் நெருங்கிவிடும், சங்கிலி இழப்பும் இல்லை. அதற்கு மேல் பணம் கொடுத்து மிதியச்சு வகை வாங்குவது வீண் என்பது என் எண்ணம். நேர்சுழல் வகை திருப்பித் தரும் மின்சாரத்தைப் பற்றி விற்பவர்கள் பேசும் பேச்சையும் அளவோடு நம்புங்கள். செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே பொதுவாக நல்ல பலன். வேகம் கட்டுப்படுவதும் பிரேக் கட்டை தேயாமல் இருப்பதும்தான் இறக்கத்தில் அதனால் கிடைக்கும் உண்மையான லாபம்.

அன்புடன்,
பினாங்கு

---

கோலாலம்பூரிலிருந்து:

ஐயா, வணக்கம். பிரிக்கும் முறை சரி என்று ஒத்துக்கொள்கிறேன். கோம்பாக் பழைய சாலையில் கெந்திங் செம்பா ஏறும் எங்கள் கூட்டத்திலும் 80, 85 என்று எண்ணைக் காட்டிப் பெருமை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த அச்சில் என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஆனால் "மிதியச்சு மின்னோடி" கடையில் நின்று சொல்கிற அளவில் இல்லையே. குடவோடி, மிதியோடி என்று சுருக்கினால் என்ன? மின் மிதிவண்டி என்ற சூழலில் "மின்" தானாகவே புரிந்துவிடும்.

---

கோலாலம்பூர்த் தங்கைக்கு,

குடவோடி நன்றாக இருக்கிறது, பேச்சு வழக்காக அதையும் பக்கத்தில் போடலாம். மிதியோடி வேண்டாம், வேகமாகச் சொன்னால் மிதியடி ஆகிவிடும், கோயில் வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்வார்கள். "அச்சோடி" என்றும் யோசித்தேன். ஆனால் சக்கரத்துக்கும் ஓர் அச்சு இருக்கிறது, பழைய குழப்பம் திரும்பி வந்துவிடும். அந்த ஒன்று மட்டும் நீளமாகவே இருக்கட்டும். கடையில் எப்படியும் விரலால் சுட்டிக் காட்டித்தான் கேட்கப்போகிறோம்.

பட்டியலில் ஏற்றும் நண்பர் கவனத்துக்கு: ஓடுதொலைவு என்ற பதிவில் சுமை, சரிவு, மிதிப்பின் அளவு மூன்றையும் விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள். முறுக்குவிசை ஏற்கெனவே இயற்பியல் பட்டியலில் இருக்கிறது. அதன் கீழ், மிதிவண்டியைப் பொறுத்தவரை எந்த அச்சில் அளந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும் என்று ஒரு வரி மட்டும் போதும்.