5,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) சம்பளத்துக்கு 5 லட்சம் வெள்ளி வீடு கட்டுப்படியாகுமா?

செந்தூல்வாசி:
அனைவருக்கும் வணக்கம். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா), வருமான வரி எல்லாம் பிடித்தது போக மாதம் 5,800 வெள்ளி கைக்கு வருகிறது. வயது 34. கார் தவணை 800, பிடிபிடிஎன் கல்விக் கடன் 200. கோலாலம்பூர், செந்தூலில் ஒருவர் தாம் குடியிருக்கும் ஆயிரம் சதுர அடி கொண்டோமினியத்தை 5 லட்சம் வெள்ளிக்கு விற்கிறார். எனக்கு இதுவே முதல் வீடு; மனைவி இப்போது வேலைக்குச் செல்லவில்லை. வாங்கலாமா?

கெப்போங் முகவர்:
தாராளமாக வாங்கலாம் தம்பி. மொத்தக் கடன் தவணை நிகர வருமானத்தில் 60 விழுக்காட்டுக்குள் இருந்தால் பல வங்கிகள் ஏற்றுக்கொள்ளும். உங்களுக்கு அந்த வரம்பு 3,480 வெள்ளி. இப்போது கட்டும் 1,000 போக 2,480 மிஞ்சும். விலையில் 90 விழுக்காடாகிய 4.5 லட்சத்தை 4 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுகளுக்கு வாங்கினால் தவணை 1,992 வெள்ளிதான். 5 லட்சம் வரையிலான முதல் வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு உண்டு என்பதால், சொத்து மாற்றத்துக்கும் கடன் பத்திரத்துக்கும் சேர்த்து 11,250 வெள்ளி மிச்சமாகும். வாடகை கட்டிக்கொண்டே காலத்தைக் கடத்தினால் கையில் என்ன நிற்கும்?

பங்சார் கணக்காளர்:
கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆனால் அந்த 60 விழுக்காடு, கொடுத்த பணம் திரும்ப வரவேண்டும் என்று வங்கி தனக்காகப் போட்டுக்கொண்ட வேலி. வீட்டில் அரிசி இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 35 சென் என்று வைத்தாலும் மாதம் 350, அதன்மேல் கட்டடத்தின் பெரிய பழுதுபார்ப்புக்கான 10 விழுக்காடு சேமநிதி 35. எல்லாம் கட்டிய பிறகு 2,423 வெள்ளி மீதம் இருக்கும். சாப்பாடு, பெட்ரோல், மின்சாரம், மதிப்பீட்டு வரி, ஊரில் பெற்றோருக்கு அனுப்புவது அனைத்தும் அதற்குள் அடங்கியாக வேண்டும். வட்டி ஏறி இறங்கும் மிதக்கும் விகிதம் என்பதையும் மறக்கக் கூடாது. 2022 மே முதல் 2023 மே வரை மத்திய வங்கியான பேங்க் நெகாரா, ஓபிஆர் எனும் அடிப்படை வட்டி விகிதத்தை 1.75இலிருந்து 3 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. உங்கள் கடனுக்கு ஒரு விழுக்காடு ஏறினால், தவணை 2,271 வெள்ளியாகிவிடும்.

கெப்போங் முகவர்:
வட்டி ஏறும் என்று பயந்தால் இந்நாட்டில் யாரும் வீடு வாங்க முடியாது. சம்பளமும் ஏறும் அல்லவா? கடனை 70 வயதுக்குள் முடிக்க வேண்டும் என்பதால், இன்னும் சில ஆண்டுகள் காத்திருந்தால் கடன் காலம் சுருங்கித் தவணை கூடும். முன்பணத்துக்கு இபிஎஃப் இருக்கிறது.

பங்சார் கணக்காளர்:
காலம் சுருங்கும் என்பது சரிதான். ஆனால் இபிஎஃப் பணத்துக்குக் கையெழுத்தான விற்பனை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். ஆகவே ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்கும், விலையில் 3 விழுக்காடு, அதாவது 15,000 வெள்ளி, சொந்தக் கையிலிருந்துதான் போகும். வழக்கறிஞர் கட்டணம் இரு பத்திரங்களுக்கும் ஏறக்குறைய 12,000 வெள்ளி, சேவை வரி தனி. வங்கியின் மதிப்பீட்டாளர் என்ன விலை சொன்னார் என்பதை நீங்கள் இருவருமே எழுதவில்லையே?

செந்தூல்வாசி:
வாய்மொழி மதிப்பீடு 4.7 லட்சம் என்று வங்கியில் சொன்னார்கள் ஐயா.

பங்சார் கணக்காளர்:
விலை, மதிப்பீடு இரண்டில் குறைவானதற்குத்தான் வங்கி 90 விழுக்காடு கொடுக்கும். கடன் 4.23 லட்சம், நீங்கள் போட வேண்டியது 50,000 அல்ல, 77,000 வெள்ளி.

கெப்போங் முகவர்:
வேறு வங்கியின் மதிப்பீட்டாளர் கூடுதலாகச் சொல்லக்கூடும். இரண்டு மூன்று இடங்களில் கேட்பதே வழக்கம்.

பங்சார் கணக்காளர்:
கேட்கட்டும், ஆனால் அந்த 15,000 வெள்ளியைக் கொடுப்பதற்கு முன்.

செந்தூல்வாசி:
4.7 லட்சத்துக்கு வீட்டுக்காரரிடம் பேசிப் பார்க்கிறேன். அப்படியானால் தவணை 1,873, முன்பணம் 47,000. அவர் இறங்காவிட்டால் 15,000 வெள்ளியைக் கொடுக்கப் போவதில்லை.

கெப்போங் முகவர்:
எல்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து வீட்டுக்கு 30,000 குறைத்துக் கேட்டால், அடுத்த ஆளிடம் பேசப் போய்விடுவார்.