வயரிங் ஹார்னஸ் அடாப்டர்: ‘இடைக்கற்றை’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

பழைய காரில் கம்பெனியே பொருத்திக் கொடுத்த ஸ்டீரியோவைப் பழுதுபார்க்கவும், முடியாத கட்டத்தில் புது செட் போடவும் உதவும்படி ஒரு கையேடு எழுதிவருகிறேன். பெரும்பாலான சொற்களில் சிக்கல் இல்லை. ஸ்பீக்கர் ஸ்பீக்கராகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்; ‘ஒலிபெருக்கி’ என்று எழுதினால் பாதிப் பேர் ஆம்ப்ளிஃபையரை நினைத்துக்கொள்கிறார்கள். ஃபியூஸ், பேட்டரி, ஆண்டெனா எல்லாம் விளக்கம் கேட்காதவை. மாட்டிக்கொண்ட இடம் ஒன்றே ஒன்று.

டாஷ்போர்டிலிருந்து பழைய செட்டை உருவினால் கூடவே ஒரு வயர்க்கட்டு வரும். அதன் நுனியில் அந்தக் காருக்கென்றே வார்த்த பிளாஸ்டிக் பிளக் இருக்கும். புது செட்டின் முதுகில் இருக்கும் சாக்கெட் வேறு வடிவம். இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு சாண் நீளத்தில் ஒரு துண்டு கிடைக்கிறது. ஒரு முனை காரின் பிளக்குக்கு, மறுமுனை செட்டுக்கு, நடுவில் பத்துப் பதினைந்து வயர்கள். இதைத்தான் வயரிங் ஹார்னஸ் அடாப்டர் என்கிறார்கள்.

இதுவரை காதில் விழுந்த யோசனைகள்: கம்பிச்சேணத் தகவி, கம்பிவடப் பொருத்தி, மாற்றுக்கற்றை. சேணம் குதிரையோடு இருக்கட்டும். ஆங்கிலத்தில் குதிரைக்கும் வயருக்கும் ஒரே சொல் அமைந்தது அவர்கள் பாடு; அதற்காக நாம் டாஷ்போர்டுக்குள் சேணம் பூட்ட வேண்டியதில்லை. என் யோசனை ‘இடைக்கற்றை’. காரில் ஏற்கெனவே ஓடும் மூல வயரிங்கைக் ‘கம்பிக்கற்றை’ என்போம். அதற்கும் செட்டுக்கும் இடையில் நிற்பது இடைக்கற்றை.

குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

மறுமொழி 1

ஐயா, ‘கப்ளர்’ என்று ஒரு சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே? கார் எலக்ட்ரீஷியனிடம் போய் இடைக்கற்றை என்றால் முழிப்பார். “கப்ளர் டு கப்ளர் வேலை, வயரை வெட்டக் கூடாது” என்றால் சட்டென்று புரிந்துகொள்வார்.

நான் பார்த்தவரை சொல்லைவிடப் பெரிய பிரச்சினை, அந்தத் துண்டை யாரும் வாங்குவதே இல்லை என்பதுதான். பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு வயரோடு வயரை முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். டாஷ்போர்டுக்குள் வெயில் சூட்டில் அந்த டேப்பின் பசை உருகிக் கசியும். அப்புறம் டேப் சுருண்டு வழுக்கிக்கொண்டு வந்துவிடும், செம்பு வெளியே தெரியும். நேரடி 12 வோல்ட் வயர் பாடியில் உரசினால் ஃபியூஸ் போகும். ஸ்பீக்கர் வயர் உரசினால் செட்டே போகும். பின்னாளில் யாராவது பழைய செட்டையே திரும்பப் போடலாம் என்று ஆசைப்பட்டால் மாட்டுவதற்குப் பிளக் இருக்காது. எந்தச் சொல் வைத்தாலும் சரி, “வெட்டாதீர்கள்” என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

மறுமொழி 2

போடுகிறேன் ஐயா, கொட்டை எழுத்திலேயே. கப்ளரையும் நான் விரட்ட வரவில்லை. பேச்சில் அது இருக்கட்டும். ஆனால் கப்ளர் என்பது நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் கூடு மட்டும்தான். செட் மாற்றும்போது வரும் கோளாறுகள் பெரும்பாலும் கூட்டில் இல்லை. உள்ளே எந்த வயர் எந்தக் குழிக்குப் போகிறது என்பதில் இருக்கின்றன. சொல் விவாதத்துக்கே இதுதான் மையம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஐரோப்பியக் கார்களில் பரவலான, ஐஎஸ்ஓ 10487 என்ற பொதுத் தரப்படி அமைந்த பிளக்கையே எடுத்துக்கொள்வோம். அதில் எட்டு எட்டு முனைகளாக இரண்டு கட்டைகள். ஏ கட்டை மின்சாரத்துக்கு: நான்காம் முனையில் எப்போதும் 12 வோல்ட், ஐந்தில் ஆண்டெனாவுக்கான மின்சாரம், ஆறில் விளக்கு, ஏழில் சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட், எட்டில் எர்த். பி கட்டை முழுக்க நான்கு ஸ்பீக்கர்களுக்கு, ஆளுக்கு இரண்டு முனை.

இப்போது வில்லங்கம். ஃபோக்ஸ்வாகன், ஔடி கார்கள் பலவற்றில் நான்கும் ஏழும் இடம் மாறியிருக்கும். பிளக் அதே வடிவம். ‘டக்’கென்று உட்காரும். பாட்டும் பாடும். சாவியை எடுத்ததும்தான் விஷயம் தெரியும்: கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும், சேமித்து வைத்த நிலையங்கள் எல்லாம் காணாமல் போகும். நினைவகத்துக்கு எப்போதும் வர வேண்டிய மின்சாரம் சாவியோடு சேர்ந்து நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். இந்தத் தொல்லை ஊரறிந்தது என்பதால், புது செட்டுகள் பலவற்றின் மஞ்சள் வயரிலும் சிவப்பு வயரிலும் நடுவழியில் துப்பாக்கிக் குண்டு வடிவில், கையாலேயே பிடுங்கி மாட்டக்கூடிய ஒரு சின்ன இணைப்பு வைத்தே விற்கிறார்கள். இரண்டையும் பிடுங்கிக் குறுக்காக மாட்டினால் வேலை முடிந்தது. மஞ்சள் எப்போதும் மின்சாரம், சிவப்பு சாவி மின்சாரம். இந்த நிற வழக்கைச் சந்தையில் தனியாக விற்கும் செட்டுகளில்தான் நம்பலாம். காரின் சொந்த வயர்களில் நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது, மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவேதான் ‘பொருத்தி’, ‘தகவி’ இரண்டும் எனக்கு உறுத்துகின்றன. அவை ‘பொருந்திவிடும்’ என்று வாக்குக் கொடுக்கும் சொற்கள். இங்கேயோ வடிவம் பொருந்தியும் மின்சாரம் பொருந்தாமல் போகிறது. ‘இடை’ அப்படி எதுவும் வாக்குக் கொடுப்பதில்லை. எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல்கிறது. ‘கற்றை’ என்பதோ உள்ளே பல வயர்கள் ஓடுகின்றன, ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும் என்று நினைவூட்டுகிறது.

ரொம்பப் பழைய கார்களில் இன்னொரு பொறி இருக்கிறது. அவற்றில் சிலவற்றில் ஸ்பீக்கர்களின் மைனஸ் முனை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பாடியில் எர்த் ஆகியிருக்கும். இன்றைய செட்டுகள் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையுமே ஓட்டுகின்றன. மைனஸ் என்று குறித்த முனையிலும் பேட்டரி மின்னழுத்தத்தில் ஏறக்குறையப் பாதி எப்போதும் நிற்கும். அதை எர்த்தில் தொட்டால் செட் தற்காப்புக்குப் போய் வாயை மூடிக்கொள்ளும். அந்த வசதி இல்லையென்றால் உள்ளே ஸ்பீக்கரை ஓட்டும் ஐசி சில்லு கருகும். எவ்வளவு நல்ல இடைக்கற்றை வாங்கினாலும் இதைத் தீர்க்காது, ஸ்பீக்கர் வரை புதிதாக இரண்டு வயர் இழுக்க வேண்டும். பரிசோதனை எளிது. செட்டைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் மைனஸுக்கும் காரின் பாடிக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். தொடர்ச்சி காட்டினால், அதாவது இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால், அந்த வகைக் கார் என்று அர்த்தம்.



மறுமொழி 3

வாதம் சரி. ஆனால் ‘இடை’ என்றதும் எனக்கு இடுப்புதான் ஞாபகம் வருகிறது. இடைக்கற்றையை ஏதோ ஒட்டியாணம் என்று நினைக்கப் போகிறார்கள். ‘கற்றை’ என்றாலோ செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு அலைக்கற்றை. ‘இணைகற்றை’ என்று வைத்தால் என்ன? வினைத்தொகை. இணைத்த, இணைக்கிற, இணைக்கும் கற்றை என முக்காலத்துக்கும் பொருந்தும். ஓசையும் நன்றாக இருக்கிறது.

மறுமொழி 4

ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு ‘க்’ விழுந்தால் ‘இணைக்கற்றை’ ஆகி, பொருள் ஜோடிக் கற்றை என்று திரும்பிவிடும். அந்த ஒற்றைப் போடாமல் எழுதுங்கள் என்று எத்தனை பேரிடம் கெஞ்ச முடியும்? ஸ்பீக்கர் வேலையில் இது விளையாட்டும் இல்லை. தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்ற பேச்சு அடிக்கடி வரும். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைப் பக்க இணைப்பில் போட்டால் 2 ஓம் ஆகிவிடும், பல செட்டுகள் அதைத் தாங்காது. அந்தப் பக்கத்தில் ‘இணைக்கற்றை’ என்று ஒரு சொல்லும் நின்றால் குழப்பம்தான்.

இடுப்புக்குப் பதில்: இடைவேளை, இடைத்தேர்தல், இடைமுகம். யாருக்கும் ஒட்டியாணம் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. கற்றைக்கும் அப்படியே. முடிக்கற்றை, ஒளிக்கற்றை எல்லாம் அலைக்கற்றைக்கு முன்பே இருந்தவை.

மறுமொழி 5

நான் செட்டை மாற்றுகிற கட்சி இல்லை, பழையதையே ஓடவைக்கிற கட்சி. டாஷ்போர்டின் வளைவுக்கும் விளக்கின் நிறத்துக்கும் ஏற்றபடி செய்த முகப்பை எடுத்துவிட்டு, நீலமும் ஊதாவுமாக மின்னும் ஒன்றை வைக்க மனம் வருவதில்லை. பெரும்பாலான கோளாறுகள் சின்னவை. கேசட் ஓடாவிட்டால் முதலில் ரப்பர் பெல்ட்டைப் பாருங்கள். பல வருடத்தில் அது தார் போல இளகி, கப்பியில் அப்பிக்கொண்டிருக்கும். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துப் பொறுமையாகத் துடைத்துவிட்டுப் புது பெல்ட் போட வேண்டும். கையில் பட்டால் லேசில் போகாது, பழைய துணி கட்டிக்கொண்டு உட்காருங்கள். வால்யூம் திருகும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, முழுச் சுற்றாகப் பலமுறை திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பாஸ் (கனத்த அடித்தொனி) வரும்போதெல்லாம் ஸ்பீக்கர் பிரட்பிரட் என்றால் செட்டைப் பழிக்காமல் கிரில்லைக் கழற்றிப் பாருங்கள். காகிதக் கூம்பு நன்றாக இருக்க, அதைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் உதிர்ந்துபோயிருக்கும். வளையம் தனியாகவே கிடைக்கிறது, ஒட்டிக்கொள்ளலாம்.

சொல்லுக்கு வருகிறேன். எனக்கும் இந்தத் துண்டு தேவைப்படுகிறது, ஆனால் வேறு மாதிரி. பழைய செட்டை வைத்துக்கொண்டே தனி ஆம்ப்ளிஃபையர் சேர்க்க, காரின் பிளக்குக்கும் செட்டுக்கும் நடுவில் ஒன்றை மாட்டி, நடுவழியில் ஸ்பீக்கர் வயர்களை மட்டும் வெளியே எடுக்கிறேன். மூன்று முனை. டி-ஹார்னஸ் என்பார்கள். இதற்கும் இடைக்கற்றையா?

இன்னொன்று. கொஞ்சம் புதிய கார்களில் செட் பிளக்கில் சாவி மின்சாரமே வராது. சாவி போட்டாயிற்று என்ற தகவல் காரின் உள் வலைப்பின்னலில் செய்தியாக வரும். அதைப் படித்து 12 வோல்ட்டாக்கித் தர ஒரு குட்டிப் பெட்டி அந்த வயர்களின் நடுவில் தொங்கும். ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தான்களையும் அதுவே மொழிபெயர்க்கும். அது வெறும் கற்றை இல்லையே?

மறுமொழி 6

மூன்று முனை உள்ளதற்குக் ‘கிளைக்கற்றை’. கேட்டதும் தோன்றியது, இதற்குமேல் யோசிக்கத் தேவை இருப்பதாகத் தெரியவில்லை. குட்டிப் பெட்டி உள்ளதை ‘மின்னணு இடைக்கற்றை’ என்கிறேன். நீளம்தான். ஆனால் கடையில் கேட்டு வாங்கும்போது இந்த வேறுபாடு முக்கியம். பெட்டி இல்லாததை அந்தக் கார்களுக்கு வாங்கினால் செட் உயிரே பெறாது. அதற்காக மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி நேரடி மின்சாரத்தில் கொடுப்பவர்கள் உண்டு. செட் எழுந்துகொள்ளும், ஆனால் கையால் அணைக்க மறந்தால் தூங்காது. மறுநாள் காலை பேட்டரிதான் தூங்கும்.

கையேட்டின் அந்தப் பத்தியை இப்படித் திருத்தியிருக்கிறேன், பாருங்கள்:

“செட்டில் திருட்டுத் தடுப்புக் குறியீடு இருந்தால் அதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மின்சாரம் நின்று வந்ததும் பல செட்டுகள் அதைக் கேட்கும். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். இருபுறமும் உள்ள துளைகளில் உருவு கம்பிகளைச் செருகிச் செட்டை வெளியே இழுங்கள். கம்பிக்கற்றையின் கப்ளரை வெட்டாதீர்கள். கார், செட் இரண்டுக்கும் ஏற்ற இடைக்கற்றையை வாங்கி, முதலில் செட்டுக்குச் சொருகாமல் காரின் பக்கம் மட்டும் மாட்டுங்கள். பேட்டரியைத் திரும்ப இணைத்து, மறுமுனையில் மீட்டர் வைத்து, சாவி இல்லாமல் எந்த வயரில் 12 வோல்ட் வருகிறது, சாவி போட்டால் எதில் வருகிறது என்று பார்த்து எழுதுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் செட்டை மாட்டுங்கள்.”

‘கப்ளர்’ உள்ளேயே இருக்கிறது, கூட்டுக்கான சொல்லாக. முதல் மறுமொழி எழுதியவருக்குச் சம்மதம்தானே?

மறுமொழி 7

சம்மதம். பத்தி படித்ததும் வேலை கண்ணுக்குத் தெரிகிறது. ஆண்டெனாவை மட்டும் விட்டுவிட்டீர்கள். சில கார்களில் ஆண்டெனாவின் அடியிலேயே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் இருக்கும். பழைய செட் அதற்கான மின்சாரத்தை ஆண்டெனா கேபிள் வழியாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். புது செட் அனுப்பாது. மாற்றியதும் எஃப்எம் இரைச்சலாகக் கேட்டால் செட் மோசம் என்று திட்டுவார்கள். அதற்குப் புது செட்டில் ஆண்டெனா மின்சாரம் வரும் நீல வயரிலிருந்து மின்சாரம் எடுத்துக் கேபிளுக்குள் ஏற்றும் ஒரு துண்டு வேண்டும். அது ஒற்றைக் கேபிள், கற்றை இல்லை. ‘ஆண்டெனா ஊட்டி’ என்று நான் எழுதிப் பார்த்தேன், எனக்கே பிடிக்கவில்லை. வேறு ஏதாவது தோன்றுகிறதா?