"அனுப்பியாச்சு"ன்னு காட்டுது, ஆனா போய்ச் சேரலை: கிரிப்டோல பணம் அனுப்பி மாட்டின அனுபவத்தைச் சொல்லுங்க

திரி தொடங்கியவர்:

போன மாசம் ஒரு டிசைனருக்கு வேலைக்கான காசை பிட்காயின்ல தர்றதா ஒத்துக்கிட்டேன். வேலட்ல (கிரிப்டோவை வச்சு அனுப்புற ஆப்) அட்ரஸ் போட்டேன், ஃபீ எவ்வளவுன்னு கேட்டுச்சு, இருக்கறதுலயே குறைஞ்சதைத் தட்டிவிட்டேன், பச்சை டிக் வந்துச்சு, அவருக்கும் அனுப்பிட்டேன்னு மெசேஜ் போட்டுட்டு தூங்கப் போயிட்டேன். காலைல பாத்தா "சார் இன்னும் அன்கன்ஃபர்ம்டுன்னே காட்டுதே"ன்னு அவர்கிட்ட இருந்து மூணு மெசேஜ். வயித்தைக் கலக்கிடுச்சு.

அன்னிக்கு முழுக்க உக்காந்து படிச்சதுலதான் மெம்பூல்னா என்னன்னே புரிஞ்சுது. நாம அனுப்புறது நேரா பிளாக்செயின்ல, அதாவது எல்லாரும் பாக்கிற பொதுக் கணக்கேட்டுல, ஏறிடாது, முதல்ல மெம்பூல்ங்கிற காத்திருப்பு இடத்துக்குப் போகும், மைனருங்க (அந்தக் கணக்கேட்டுல பதிவு பண்றவங்க) அதுல இருந்து பொறுக்கி எடுத்து சுமார் 10 நிமிஷத்துக்கு ஒரு பிளாக், அதாவது ஏட்டோட ஒரு பக்கம், கட்டுவாங்க. யாரை முதல்ல எடுப்பாங்கன்னா, ஒரு பைட் இடத்துக்கு யாரு அதிக சடோஷி தர்றாங்களோ அவங்களை (1 பிட்காயின்னா 10 கோடி சடோஷி). இதுல எனக்கு அடியோட தெரியாம இருந்தது என்னன்னா, ஃபீ அனுப்புற தொகையைப் பொறுத்தது இல்ல, ட்ரான்சாக்‌ஷனோட சைஸைப் பொறுத்தது. எனக்குப் பணம் கொஞ்சம் கொஞ்சமா 20 தடவை வந்து சேர்ந்தது, அதனால அனுப்பும்போது அந்த 20 வரவையும் (இன்புட்) சேர்த்துக் கட்டவேண்டியதாப் போச்சு. ஒரே நோட்டா நீட்டாம மூட்டைச் சில்லறையை எண்ணிக் கொடுக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க, தொகை சின்னதுதான் ஆனா இடம் நிறைய அடைக்கும். மொத்த ஃபீ எனக்குப் பெருசாத் தெரிஞ்சாலும் பைட் கணக்குல பாத்தா அது ஒண்ணுமே இல்ல.

நல்லவேளை என் வேலட்ல ஆர்பிஎஃப் இருந்துச்சு, அதாவது கன்ஃபர்ம் ஆகாத ட்ரான்சாக்‌ஷனையே ஃபீ ஏத்தி மறுபடி விடலாம். ஏத்திவிட்டேன், அடுத்த பிளாக்லயே ஏறிடுச்சு. ஏறாமலே இருந்திருந்தாலும் காசு காணாமப் போயிருக்காது, பொதுவா 2 வாரத்துல நோடுங்க (நெட்வொர்க்கை நடத்துற கம்ப்யூட்டருங்க) அதைக் கழட்டி விட்டுடும், பணம் நம்ம அட்ரஸ்லயேதான் இருக்கும். இது மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த மனுஷனை அப்படிப் பதற விட்டிருக்க மாட்டேன்.

இப்ப நான் "அனுப்பிட்டேன்"னு சொல்றதே இல்ல, "ப்ராட்காஸ்ட் பண்ணியாச்சு, 1 கன்ஃபர்மேஷன் வந்ததும் சொல்றேன்"னுதான் சொல்றது. பிளாக்ல ஏறினா 1, அதுக்கு மேல வர்ற ஒவ்வொரு பிளாக்குக்கும் இன்னொண்ணு, அதான் கன்ஃபர்மேஷன் கணக்கு; பெரிய தொகைன்னா 6 வரைக்கும் காத்திருக்கிறது பழைய வழக்கம், அதுல தப்பே இல்ல. உங்களுக்கு எந்த வார்த்தை இப்படிப் பாடம் சொல்லிக்கொடுத்துச்சு?

பதில்:

எனக்கு "நெட்வொர்க்"ங்க. யுஎஸ்டிடின்னா (டாலர் மதிப்பை ஒட்டி ஓடுற காயின்) ஒரே காயின்தானேன்னு நினைச்சிருந்தேன், அது பல பிளாக்செயின்ல தனித்தனியா ஓடுதுன்னு தெரியாது. ட்ரான்ல அட்ரஸ் T-ல ஆரம்பிக்கும், அதனால அங்க மாத்திப் போட்டா வேலட்டே ஏத்துக்காது. எத்தீரியமும் பிஎன்பி செயினும்தான் ஆபத்து, ரெண்டுக்கும் 0x-ல ஆரம்பிக்கிற அதே வடிவ அட்ரஸ், சரியாத்தான் இருக்குன்னு தோணும். ஃபீ கம்மின்னு பிஎன்பி செயின்ல விட்டேன், நான் அனுப்பின எக்ஸ்சேஞ்ச் (காயின் வாங்கி விக்கிற கம்பெனி) அந்த டெபாசிட் அட்ரஸுக்கு எத்தீரியம் மட்டும்தான் எடுப்பாங்களாம். எக்ஸ்ப்ளோரர்ல (செயின்ல ஏறினதைப் பாக்கிற சைட்) சக்சஸ், கணக்குல பூஜ்யம். மனு போட்டு, ஆதாரம் கொடுத்து, வாரக்கணக்குல காத்திருந்து ஒருவழியா வந்துச்சு. இதே என் சொந்த வேலட்டுக்கு அனுப்பியிருந்தா பிரச்சனையே இல்ல, ஒரே ப்ரைவேட் கீ (பணத்தை எடுக்கிற ரகசியச் சாவி) ரெண்டு செயின்லயும் வேலை செய்யும், நெட்வொர்க்கை மாத்தினாப் போதும். எக்ஸ்சேஞ்ச்ல கீ நம்ம கையில இல்ல, அதான் அவங்க காலைப் பிடிக்கவேண்டியதாச்சு.

பதில்:

மெமோ, டேக். எக்ஸ்ஆர்பிங்கிற காயினை அனுப்பும்போது டெஸ்டினேஷன் டேக்னு ஒரு கட்டம் வந்துச்சு, விருப்பம் இருந்தா போடலாம் போலன்னு விட்டுட்டேன். எக்ஸ்சேஞ்ச்காரங்க எல்லாருக்கும் ஒரே அட்ரஸ்தான் வச்சிருக்காங்க, இது யாரோட பணம்னு பிரிக்கிறதே அந்த நம்பர்தான். ட்ரான்சாக்‌ஷன் ஐடி கொடுத்து கேட்டப்புறம் சேர்த்தாங்க.

பதில்:

கேஸ், அதாவது எத்தீரியத்துல கட்டுற ஃபீ, அதைப் பத்தி யாரும் சொல்லலையே. வேலட்ல யுஎஸ்டிடி நிறைய இருக்கு, அனுப்ப முடியல, ஏன்னா எத்தீரியத்துல ஃபீயை ஈதர்ங்கிற அதோட சொந்தக் காயின்லதான் கட்டணும், என்கிட்ட ஈதர் துளிகூட இல்ல. இன்னொரு தடவை காண்ட்ராக்ட் (செயின்ல ஓடுற ப்ரோக்ராம்) ஒண்ணு பாதியில ஃபெயில் ஆச்சு, அப்பவும் கேஸ் காசு போனது போனதுதான், வேலிடேட்டர் (எத்தீரியத்துல மைனர் இடத்துல இருக்கிறவர்) வேலை செஞ்சதுக்கான கூலி அது.

பதில்:

எல்லாருக்கும் திரும்பக் கிடைச்சிருக்கு, சந்தோஷம். எனக்குக் கிடைக்கல. அட்ரஸ் பாய்சனிங்னு சொல்றாங்களே, அது. வழக்கமா அனுப்புற ஒருத்தரோட அட்ரஸை எப்பவும் ஹிஸ்டரில இருந்துதான் காப்பி பண்ணுவேன், முதல் நாலு எழுத்து கடைசி நாலு எழுத்து சரிபாப்பேன். அதே முதல் நாலு, அதே கடைசி நாலு வர்ற மாதிரி ஒரு அட்ரஸை யாரோ உருவாக்கி, 0 தொகை ட்ரான்ஸ்ஃபர் ஒண்ணை என் ஹிஸ்டரில நுழைச்சிருக்காங்க. அதுவும் நானே அனுப்பின மாதிரியே தெரியும், டோக்கன் காண்ட்ராக்ட்ல 0 தொகைக்கு நம்ம அனுமதி தேவையில்லைங்கிறதால அப்படிப் பண்ண முடியுது. நான் அந்த வரியைத்தான் காப்பி பண்ணினேன். கன்ஃபர்ம் ஆனதை மாத்த யாராலயும் முடியாது, பேங்க் மாதிரி போன் பண்ணி நிறுத்தச் சொல்ல ஆள் கிடையாது. இதை வெளிய எழுதின அன்னிக்கே "மீட்டுத் தரோம், உங்க 12 வார்த்தை சீட் ஃப்ரேஸைக் கொடுங்க"ன்னு நாலு பேர் இன்பாக்ஸ்ல வந்தாங்க, அந்த வார்த்தைங்க கிடைச்சா மொத்த வேலட்டும் அவங்க கைக்குப் போயிடும், அவங்களும் திருடங்கதான், தயவுசெஞ்சு யாரும் கொடுத்துடாதீங்க. நான் இப்ப அட்ரஸ் புக்ல சேவ் பண்ணினதுக்கு மட்டும்தான் அனுப்புறேன், புது அட்ரஸ்னா முழுசா எழுத்துக்கு எழுத்து பாத்துட்டு, முதல்ல சின்னத் தொகை.

திரி தொடங்கியவர்:

அண்ணா, படிக்கவே மனசு கனக்குது, இவ்வளவு தெளிவா எழுதினதுக்கு நன்றி. நீங்க சொன்னதும் என் யுஎஸ்டிடி வேலட்டைத் திறந்து ஹிஸ்டரி பாத்தேன். 0 தொகைல ரெண்டு வரி கிடக்கு, மூணு நாள் முன்னாடி தேதி. நான் அனுப்பினதா காட்டுது, நான் அனுப்பவே இல்ல. இப்ப நான் காசு அனுப்புற டிசைனரோட யுஎஸ்டிடி அட்ரஸ் பக்கத்துல வச்சுப் பாத்தேன், முதல் நாலும் கடைசி நாலும் அதேதான். அடுத்த பேமென்ட் அவருக்கு நாளைக்குத் தரணும்.